மலிவு விலையில் பந்தயக் கார் கட்டிய மில் வீட்டுப் பிள்ளை: கோவை கரிவர்தனின் வாழ்க்கை

சிகாமட் – ஜொகூரில் ஆசிய பசிபிக் ராலி நடந்த ஆண்டுகளில், பந்தயத் தடமாக இருந்தவை நம் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதைகள்தான். லோரியும் டிராக்டரும் பழக்குலை ஏற்றிச் செல்லும் அதே வழிகளில் உலகத்தரம் வாய்ந்த ஓட்டுநர்கள் புழுதி கிளப்பிப் பறந்தார்கள். நம் நாட்டின் கரம்ஜிட் சிங் 2002-ஆம் ஆண்டு புரோட்டோன் காரில் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றார். சென்னை எம்.ஆர்.எஃப். அணிக்காக ஓட்டிய கௌரவ் கில் 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் ஆசிய பசிபிக் பட்டத்தைப் பெற்றார்.

ஓர விளிம்பில் நின்று வேடிக்கை பார்த்த நம் பையன்கள் பலருக்கு, என்ஜினைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டத் தெரியும். ஆனால் பந்தயக் காருக்கும் டயருக்கும் உரிமத்துக்கும் பணம் வேண்டுமே! அந்த இடத்தில்தான் ஆசை நின்றுவிடுகிறது. சிலருக்கு அது நள்ளிரவில் சாலையில் மோட்டார் சைக்கிள் பந்தயமாக மாறி, உயிரையும் குடிக்கிறது.

இதே தடையை ஒரு தமிழக நகரத்தில் ஒருவர் உடைத்துக் காட்டினார். அவர் பெயர் சுந்தரம் கரிவர்தன். நண்பர்களுக்குக் கரி.

1954-ஆம் ஆண்டு பிறந்த கரிவர்தன், கோயம்புத்தூரின் புகழ்பெற்ற லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்தவர். பஞ்சாலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் பம்ப் செட் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர் அது. விவசாயக் குடும்பத்தில் பிறந்து பெரும் கண்டுபிடிப்பாளராக உயர்ந்த ஜி.டி. நாயுடுவின் ஊரும் அதுவே. ஒரு பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்காமல், அதை இங்கேயே செய்து பார்த்தால் என்ன என்று கேட்பது அந்த ஊரின் இயல்பு. கரிவர்தன் அந்தக் கேள்வியைக் கார் பந்தயத்தில் கேட்டார்.

அக்காலத்தில் தென்னிந்தியாவில் கார் பந்தயம் என்றால் சோழவரம். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம்தான் பந்தயத் தடம். பெரும் கூட்டம் கூடும். ஆனால் ஓட்டுபவர்கள் சிலரே. வெளிநாட்டுப் பந்தயக் காரை இறக்குமதி செய்ய வசதி உள்ளவர்கள் ஒரு பக்கம். அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு கார்களை மாற்றியமைத்து ஓட்டியவர்கள் இன்னொரு பக்கம். கரிவர்தனே வேகமான கார்களில் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றவர். வசதிக்குக் குறைவில்லை. கோப்பைகளை வென்றுகொண்டு, கைதட்டலோடு அவர் நின்றிருக்கலாம்.

அவர் அப்படிச் செய்யவில்லை. திறமை இருந்தும் கார் இல்லாத பிள்ளைகள் தடத்துக்கு வெளியே நிற்பதை அவர் கவனித்தார். இந்தியாவில் 1983-இல் வெளிவந்த மாருதி 800 கார் அதற்குள் ஊரெங்கும் ஓடத் தொடங்கியிருந்தது. மூன்று சிலிண்டர், 796 சிசி கொண்ட சிறிய என்ஜின். உதிரி பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். அந்த என்ஜினைக் கொண்டே, ஒருவர் மட்டும் அமரும் திறந்த சக்கரப் பந்தயக் காரைக் கரிவர்தன் வடிவமைத்தார். 1988-இல் அது தடத்தில் இறங்கியது. ஃபார்முலா மாருதி என்று பெயர் நிலைத்தது.

அந்தக் காரின் வேகம் உலகத்தை அசைக்கக் கூடியதல்ல. ஆனால் அதில் இரண்டு நன்மைகள் இருந்தன. செலவு குறைவு என்பது ஒன்று. எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே கார் என்பது மற்றொன்று. அப்பன் பணம் எவ்வளவு என்பது பின்னுக்குப் போய், வளைவில் யார் துணிந்து, யார் அளந்து ஓட்டுகிறார் என்பது முன்னுக்கு வந்தது.

இந்தியாவில் தேசிய ராலி சாம்பியன்ஷிப் தொடங்கியதும் அதே 1988-இல்தான். ராலியிலும் கோவைக்குத் தனி இடம் உண்டு. தென்னிந்திய ராலியை 7 முறை வென்ற ஜி.ஆர். கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். அவருடைய மகன் நரேன், பிரான்சில் பயிற்சி பெற்றுத் திரும்பியபின் 1993-இல் ஓட்டியது ஃபார்முலா மாருதி கார்களைத்தான். 1996-இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்றார். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அவ்வாண்டு அமெரிக்கப் பந்தயத்தில் 6 கார்களே ஓடின; அதில் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். பின்னாளில் ஃபார்முலா ஒன்னுக்குப் போன சென்னையின் கருண் சந்தோக்கும் 2000-ஆம் ஆண்டு ஃபார்முலா மாருதியில் தேசியப் பட்டம் வென்றவர்தான்.

இந்தப் பிற்கால வெற்றிகள் எதையும் கரிவர்தன் பார்க்கவில்லை என்பதுதான் வேதனை. 1995-ஆம் ஆண்டு வானில் நேர்ந்த விபத்தில் அவர் காலமானார். நாற்பதைச் சற்றே தாண்டிய வயது. வேகத்தை நேசித்தவரை வேகம் தரையில் ஒன்றும் செய்யவில்லை. ஆகாயம் கொண்டு போய்விட்டது.

அவர் விதைத்தது வாடவில்லை. உள்ளூர் என்ஜின், உள்ளூர்ப் பட்டறை, எட்டும் விலை என்ற அதே வழியில் கோவையில் எல்.ஜி.பி. ஃபார்முலா கார்கள் உருவாயின. 2003-இல் கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. அதற்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவர் பெயரையே வைத்தார்கள். இன்று அங்கே பந்தயம் ஓட்டும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அவரை நேரில் கண்டதில்லை.

ஜொகூரில் நமக்கும் பாசிர் கூடாங்கில் 1986-இல் உருவான பந்தயத் தடம் இருந்தது. 1998-இல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயமே அங்கு நடந்தது. தோட்டப் பாதைகளும் கைத்திறனும் நம்மிடம் இன்றும் உண்டு. சிகாமட் வட்டாரத்தில் பட்டறை வைத்து முன்னேறியவர்களும், தொழிலில் நிமிர்ந்து நிற்பவர்களும் உண்டு. பழைய கார் ஒன்றைப் பாதுகாப்புக் கம்பிக் கூண்டுடன் தயார் செய்து, முறையான மன்றத்தின் கீழ் நாலு பையன்களை ஓட்ட வைக்க ஒருவர் முன்வந்தால் போதும். தலைக்கவசமும் இருக்கை வாரும் மருத்துவ வண்டியும் இருக்கும் இடத்தில் அவர்கள் வேகம் காட்டட்டும்.

கரிவர்தன் வென்ற கோப்பைகளின் கணக்கு இன்று அதிகம் பேருக்குத் தெரியாது. அவர் கட்டிய காரில் யார் யார் ஏறினார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.