மலையேறிய மலர்த்தொண்டர்

மனிதன் ஊர்விட்டு ஊர் செல்வதற்குக் காரணங்கள் பல. பசி சிலரைப் பெயர்க்கிறது. பொருள் சிலரை அழைக்கிறது. புதிய நாடுகளைக் காணும் வேட்கை சிலரை உந்துகிறது. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நம்மிற் பெரும்பாலோர் முதலிரண்டு காரணங்களால் பிறந்த மண்ணைப் பிரிந்தவர்கள். அண்மைக் காலத்தில் வேறொரு வகையினரும் தோன்றியிருக்கின்றனர். மாதந் தவறாது வரும் ஊதியத்தை விடுத்து, ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மிகச் சிக்கனமாக நெடும்பயணம் செய்து, அயல்நாட்டுச் சிற்றூர்களில் பிள்ளைகளுக்குக் கற்பித்தும் மரம் நட்டும் கூலியில்லாத் தொண்டு புரியும் இளைஞர்களே அவர்கள். பெற்றோர் இவர்களைக் கவலையோடு நோக்குகின்றனர். மற்றோர் வியப்போடு நோக்குகின்றனர்.

ஆயினும், இது நமக்கு முற்றிலும் புதிதன்று. ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன்னர், கற்றோர் சூழ்ந்த இனிய வாழ்வைத் துறந்து, குளிரும் காடும் நிறைந்த மலையொன்றில் பூந்தோட்டம் வைக்கப் புறப்பட்டார் ஒருவர். அவரே திருமலை அனந்தாழ்வான். அவர் வரலாற்றை வைணவக் குருபரம்பரை நூல்கள் வாயிலாகவும், வழிவழி வந்த செவிவழிச் செய்திகள் வாயிலாகவும் அறிகிறோம்.

அனந்தன் என்ற இயற்பெயருடைய இவர், கருநாடகப் பகுதியிலுள்ள சிறுபுத்தூரில் 1053ஆம் ஆண்டு பிறந்தார் என்பது மரபு. இராமாநுசரின் புகழ் கேட்டுப் பிறந்த ஊரை விட்டுத் திருவரங்கம் வந்து சேர்ந்தார். இராமாநுசர் அவரைத் தம் மாணாக்கராகிய அருளாளப் பெருமாள் எம்பெருமானாரிடம் அடைக்கலமாக்கினார். காவிரியின் நீரும், கோயிலின் சிறப்பும், நாள்தோறும் ஆசிரியர் வாய்மொழி கேட்கும் பேறும் வாய்த்த அவ்வூரைவிட்டு வேறெங்கும் செல்ல எவர் மனமும் இசையாது. வைணவர்கள் திருவரங்கத்தைப் போக மண்டபம் என்று அழைப்பதும் இங்கு எண்ணத்தக்கது.

ஒருநாள் இராமாநுசர் தம் மாணாக்கர்க்குத் திருவாய்மொழியின் மூன்றாம் பத்தில் திருவேங்கடத்தைப் பாடும் திருமொழியை விளக்கிக்கொண்டிருந்தார். வானவர்கள் தம் தலைவனோடு வந்து மலர் தூவி வழிபடும் மலை அது என்று நம்மாழ்வார் பாடியிருத்தலைச் சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. மலருக்குரிய அம்மலையில் நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மாலை கட்டிச் சாத்துவதற்கு உங்களில் எவரேனும் செல்வீரோ என்று அவையை நோக்கி வினவினார்.

அவை வாய்திறவாதிருந்தது. அங்கிருந்தோர் தொண்டில் விருப்பமற்றவர் அல்லர். ஆனால் வேங்கடமோ, தமிழ் வழங்கும் நிலத்தின் வடவெல்லை என்று தொல்காப்பியப் பாயிரம் குறிக்கும் மலை. திருவரங்கத்திலிருந்து 200 மைல் தொலைவு. நடந்தே செல்ல வேண்டும். சென்றபின் அங்கேயே தங்க வேண்டும். குளிரும் விலங்கும் ஒருபுறம் அச்சுறுத்தின. ஆசிரியரைப் பிரிய வேண்டுமே என்ற துயரம் அவற்றினும் பெரிதாக நின்றது.

அப்போது அனந்தன் எழுந்து, தமக்கு விடையளிக்குமாறு வேண்டினார். இராமாநுசர் மகிழ்ந்து, இவ்வவையில் நீர் ஒருவரே ஆண்பிள்ளை என்று பாராட்டினார். அதனால் அனந்தாண்பிள்ளை என்ற பெயரும் அவருக்கு நிலைத்தது. கருவுற்றிருந்த தம் மனைவியுடன் அவர் வடதிசை நோக்கி நடந்தார்.

இன்று அலிபிரியிலிருந்து மலையேறுவோர்க்கு 3,550 படிகளும், நிழல்தரும் கூரையும், இரவில் விளக்கொளியும் உண்டு. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் மேலே சென்றுவிடலாம். அந்நாளில் இவற்றுள் ஒன்றும் இல்லை. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,800 அடி உயரத்திலுள்ள அம்மலையில், இராமாநுசரின் தாய்மாமனாகிய திருமலை நம்பிகள் தொலைவிலுள்ள அருவியிலிருந்து திருமஞ்சன நீரைக் குடத்திற் சுமந்து தொண்டு செய்துவந்தார். நீருக்கு ஒருவர் இருந்தார். மலருக்கு இப்போது ஒருவர் வந்தார்.

தோட்டம் வைப்பதெனின் முதலில் வேண்டுவது நீர். ஐப்பசி, கார்த்திகையிற் பெய்யும் மழை பாறைகளின்மேல் ஓடி வீணாகும். கோடையில் செடிகள் வாடும். ஆகவே, அனந்தாழ்வான் மழைநீரைத் தேக்க ஏரி ஒன்று வெட்டத் தொடங்கினார். ஆள் வைத்துக்கொள்ளவில்லை. அவர் கடப்பாரையால் மண்ணைப் பெயர்ப்பார்; அம்மையார் கூடையிற் சுமந்து சென்று கொட்டி வருவார்.

இவ்விடத்தில் மரபு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது. நிறைசூலியாய் மண் சுமக்கும் அம்மையாரைக் கண்டு இரங்கிய சிறுவன் ஒருவன், கூடையைத் தான் வாங்கிக்கொண்டு உதவினான். போன மனைவி இவ்வளவு விரைவில் மீள்வது எவ்வாறு என்று ஐயுற்ற அனந்தாழ்வான், உண்மையறிந்து சினந்தார். ஆசிரியர் தமக்கிட்ட பணியில் பிறர் பங்கு கொள்ளலாகாது என்பது அவர் எண்ணம். விலகச் சொல்லியும் சிறுவன் கேளாது மீண்டும் உதவவே, கையிலிருந்த கடப்பாரையை அவன்மேல் எறிந்தார். அது மோவாயிற் பட்டுக் குருதி வழிய, சிறுவன் ஓடி மறைந்தான். பின்னர்க் கோயிலுக்குச் சென்றபோது இறைவன் திருமோவாயிலிருந்து குருதி பெருகக் கண்டார். வந்தவன் யாரென்பது விளங்கிற்று. நெஞ்சு நடுங்கிப் பச்சைக் கற்பூரத்தை அக்காயத்தில் வைத்து அழுத்தினார்.

இக்கதையைக் கேட்டுக் கைகூப்புவதோடு நாம் நின்றுவிடுதல் கூடாது. வீட்டைத் துறந்தார், ஊரைத் துறந்தார், ஆசிரியரின் அருகிருப்பையும் துறந்தார். ஆயினும், இத்தொண்டு என்னுடையது என்னும் பற்று அவரிடம் எஞ்சியிருந்தது. அப்பற்றின் சுமையை அவரோடு சேர்ந்து சுமந்தவர் அம்மையார். ஆண்பிள்ளை என்ற பட்டம் கணவருக்குக் கிடைத்தது. மண்கூடையோ மனைவியின் தலையில் இருந்தது. அச்சுமையைக் கண்டு இரங்கி இறைவனே சிறுவனாக வந்தான் என்று மரபு கூறுவது பொருள் பொதிந்தது. தொண்டு செய்யப் புறப்படுவோர், தம்மோடு வருபவரின் களைப்பையும் காணக் கற்றுக்கொள்ள வேண்டும். உதவ நீளும் கையை ஏற்கவும் பழக வேண்டும். பெரியோரின் வாழ்வில் குறையென்று தோன்றுவதும் நமக்குப் பாடமாகவே அமைகிறது.

ஏரி நிறைந்தது, நந்தவனம் பூத்தது. ஏரிக்குத் தம் பெயரை இடாமல் இராமாநுசர் பெயரையே இட்டார். அதன்பின் வைகறையில் மலர் கொய்தலும், மாலை தொடுத்தலும், சாத்துதலுமாக அவர் நாள்கள் கழிந்தன. பயணத்தின் புதுமை சில திங்களில் தீர்ந்துவிடும். ஒரே செயலை நாள்தோறும் முதல் நாளைப்போன்ற அன்போடு செய்வதே அரிது.

ஒருநாள் மாலை தொடுத்துக்கொண்டிருக்கும்போது, உடனே வருமாறு இறைவன் அர்ச்சகர் வாயிலாக அழைத்தான். அனந்தாழ்வான் மாலையை முடித்த பின்பே சென்றார். தாமதத்தால் சினங்கொண்டவன்போல் இறைவன் மலையை விட்டு இறங்குமாறு பணித்தான். அவரோ அஞ்சவில்லை. தம்மை இங்கு அனுப்பியவர் ஆசிரியர் என்றும், இறைவனும் வைகுந்தத்திலிருந்து இம்மலைக்கு வந்து குடியேறியவனே என்றும், சிறிது முன்னர் வந்தவன் என்பதையன்றித் தம்மிருவர்க்கும் வேறுபாடு இல்லை என்றும் விடையிறுத்தார். குடிபெயர்ந்து வாழும் நமக்கு இதனினும் இனிய செய்தி வேறு உண்டோ!

மலர் கொய்யும்போது பாம்பு தீண்டியும் அவர் மருந்து நாடவில்லை. நஞ்சு வென்றால் வைகுந்தத்தில் தொண்டு, தாம் வென்றால் வேங்கடத்தில் தொண்டு என்றெண்ணி, நீராடித் தம் பணிக்குத் திரும்பினார் என்பர். மற்றொருமுறை, வெளியூர்ப் பயணத்தில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது எறும்புகள் இருக்கக் கண்டார். வேங்கடத்தில் வாழ விரும்பி எறும்பாய்ப் பிறந்த அடியார்களாக அவை இருக்கக்கூடும் என்று கருதி, வந்த வழியே நடந்து மலையில் விட்டுவந்தாராம். உதவ வந்த சிறுவன்மேல் கடப்பாரை எறிந்த கையே எறும்பையும் ஊர் சேர்த்தது எனின், தொண்டு அவரை எவ்வளவு கனிவித்தது என்பது புலப்படும்.

பின்னாளில் இராமாநுசர் திருமலைக்கு எழுந்தருளி அந்நந்தவனத்தைக் கண்டார். இப்படியொருவரை வளர்த்த பயனைப் பெற்றேன் என்று உளமார மகிழ்ந்தார்.

திருமலைக் கோயிலின் பெருவாயிலில் அக்கடப்பாரை இன்றும் காட்சிக்கு உள்ளது. இறைவன் திருமோவாயில் இன்றும் பச்சைக் கற்பூரம் சாத்தப்படுகிறது. பிரமோற்சவம் நிறைவுற்ற மறுநாள், பாக் சவாரி என்னும் விழாவில் இறைவன் இடமாகச் சுற்றி அனந்தாழ்வான் தோட்டத்திற்கு எழுந்தருளுகிறான். ஆடிப்பூரத்தன்றும் அங்கு வந்து, மகிழ மரத்திற்கு மரியாதை அளிக்கப் பெறுகிறது. அம்மகிழ மரத்தை அனந்தாழ்வானாகவே கருதுகின்றனர் அன்பர்கள்.

நாம் பிழைப்பின் பொருட்டு வந்தோம், அதில் இழுக்கில்லை. ஆனால், வந்த ஊரில் நாம் வெட்டிய குளம் எது, வைத்த செடி எது என்று ஆண்டுக்கொரு முறையேனும் நம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் நன்று. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொலைநாட்டுத் தொண்டுக்குப் புறப்படுவாராயின், அவரைத் தடுக்குமுன் திருவரங்கத்து அவையில் எழுந்து நின்ற அனந்தனை நினைப்போமாக. மண்கூடை சுமந்த அம்மையாரையும் மறவாதிருப்போமாக.