சின்னக் குரல், பெரிய பாடகி

நம்ம ஆண்டு மலரில் வழக்கமாக விஞ்ஞானிகள், தலைவர்கள் வரலாறுதான் வரும். நான் ஒரு பாடகியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். பெயர் பில்லி ஹாலிடே. அமெரிக்காவின் ஜாஸ் பாடகி. எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறவனுக்கு ஜாஸ் எதுக்குடா என்று கேட்காதீர்கள். மைக் என்ற கருவி வந்திருக்காவிட்டால் இவரை உலகம் கேட்டிருக்கவே முடியாது.

1915 ஏப்ரல் 7-ல் பிலடெல்பியாவில் பிறந்தார். இயற்பெயர் எலினோரா ஃபேகன். அப்பா கிளாரன்ஸ் ஹாலிடே கிதார் வாசிப்பவர், ஆனால் குடும்பத்தோடு இருக்கவில்லை. பால்டிமோர் நகரில் வளர்ந்த அந்தக் கறுப்பினச் சிறுமி, வீட்டு வாசல்களில் இருக்கும் வெள்ளைக்கல் படிகளைத் தேய்த்துக் கழுவிக் காசு சம்பாதித்தாள். படிப்பு பாதியிலேயே நின்று போனது. என் அம்மாவும் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் என்னை இங்கே அனுப்பினார். அதனால் இந்த இடத்தை என்னால் சும்மா படித்துத் தாண்ட முடியவில்லை. சங்கீதம் சொல்லிக்கொடுக்க யாரும் கிடையாது. லூயி ஆம்ஸ்ட்ராங், பெஸ்ஸி ஸ்மித் இவர்களுடைய இசைத்தட்டுகளைக் கேட்டதுதான் பயிற்சி.

பிறகு அம்மாவோடு நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தார். வறுமை விடவில்லை. சின்னச் சின்ன கிளப்புகளில் பாடினார். பில்லி டவ் என்ற சினிமா நடிகையின் பெயரில் பாதியும் அப்பாவின் பெயரில் பாதியும் சேர்த்து பில்லி ஹாலிடே ஆனார். 1933-ல் ஜான் ஹேமண்ட் என்பவர் இவர் பாடுவதைக் கேட்டு அசந்து போய், பென்னி குட்மன் குழுவோடு முதல் ரெக்கார்டுக்கு ஏற்பாடு செய்தார். அப்போது வயது 18. நம்ம வயசுங்க!

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. 1925-க்கு முன்னால் பாடகர்கள் ஒரு பெரிய குழாய்க்குள் கத்திப் பாட வேண்டும். அந்தக் காற்றின் அழுத்தமே ஊசியை அசைத்துத் தட்டில் கோடு போடும். மெல்லிய குரல் பதிவாகாது. 1925-ல் மைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் ரெக்கார்டிங்குக்கு வந்ததும் கதை மாறியது. பெஸ்ஸி ஸ்மித்துக்கு மைக்கே வேண்டாம், கூடாரமே அதிரும். பில்லிக்கு அப்படிப்பட்ட குரல் இல்லை. ஏறி இறங்கும் தூரமும் குறைவு, ஏறக்குறைய ஒரு ஸ்தாயிதான். அதை வைத்துக்கொண்டு மைக்கில் காதோடு பேசுவது மாதிரிப் பாடினார். தாளத்துக்குக் கொஞ்சம் பின்னாலேயே நடந்து வருவார். தப்பிவிட்டார் என்று நாம் நினைக்கும்போது சரியாக வந்து சேருவார். 1935 முதல் பியானோ டெடி வில்சனோடு செய்த பதிவுகளைக் கேளுங்கள். பல பாட்டுகள் அன்றைக்கு வந்து போன சாதாரணப் பாட்டுகள்தான். இவர் பாடியதால் நிலைத்தன. சாக்ஸஃபோன் லெஸ்டர் யங் இவருக்கு 'லேடி டே' என்று பட்டம் கொடுத்தார். அவருக்கு 'பிரெஸ்' என்று இவர் பெயர் வைத்தார்.

1938-ல் ஆர்ட்டி ஷா என்ற வெள்ளையரின் இசைக்குழுவில் சேர்ந்தார். நியூயார்க்கில் பெரிய ஹோட்டல் மேடையில் பாடுகிறவரே, மேலே போக சாமான் ஏற்றும் லிஃப்டில்தான் போக வேண்டும் என்றார்கள். அந்த வருடமே விலகினார்.

1939-ல் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'. தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமையைப் பற்றிய பாட்டு. எழுதியவர் ஏபெல் மீரோபோல் என்ற பள்ளி ஆசிரியர். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்காரும் கஃபே சொசைட்டி கிளப்பில் இதைக் கடைசிப் பாட்டாகப் பாடுவார். பரிமாறுபவர்கள் நின்றுவிடுவார்கள். விளக்கெல்லாம் அணையும். முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். முடிந்ததும் அதுவும் அணையும். மறுபடி விளக்கு எரியும்போது மேடையில் ஆள் இருக்கமாட்டார். இவருடைய ரெக்கார்டு கம்பெனியான கொலம்பியா இதைப் பதிவு செய்ய மறுத்தது. கமோடோர் என்ற சின்னக் கம்பெனிதான் துணிந்து வெளியிட்டது.

ஹெராயின் பழக்கம் வந்தது. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. 1947-ல் சிறை. 1948 மார்ச்சில் வெளியே வந்த சில நாட்களிலேயே கார்னகி ஹாலில் பாடினார், அரங்கம் நிறைந்தது. ஆனால் நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் பாட போலீஸ் கொடுக்கும் ஒரு அட்டை வேண்டும். தண்டனை பெற்றதால் அது பறிபோனது, சாகும்வரை கிடைக்கவில்லை. சிறையைவிட இதுதான் பெரிய தண்டனை என்பது என் கருத்து. பெரிய ஹாலில் வருடத்துக்கு எத்தனை தடவை பாட முடியும்? தினசரி சோறு கிளப்பில்தானே இருக்கிறது! அந்த அட்டை முறையை நகரம் 1967-ல் ஒழித்தது. அவருக்கு அது உதவவில்லை. 1959-ல் ஆஸ்பத்திரிப் படுக்கையிலேயே போதைப்பொருள் வழக்கில் கைது செய்து, அறை வாசலில் போலீஸ் காவல் போட்டார்கள். ஜூலை 17-ல் இறந்தார். வயது 44. வங்கிக் கணக்கில் இருந்தது 70 சென்ட்.

ஹாஸ்டல் நண்பர்கள் இயர்ஃபோன் போட்டுக்கொண்டு ஒன்று மட்டும் பாருங்கள். 1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நிகழ்ச்சி. பில்லி ஸ்டூலில் உட்கார்ந்து பாடுகிறார். உடம்பு தளர்ந்த லெஸ்டர் யங் எழுந்து வந்து கொஞ்ச நேரம்தான் வாசிக்கிறார். அதிகம் வாசிக்க அவரிடம் மூச்சு இல்லை. பில்லி அவரையே பார்த்துக்கொண்டு, லேசாகச் சிரித்து, தலையாட்டிக்கொண்டே கேட்கிறார். அவர் 1959 மார்ச்சில் போனார். இவர் ஜூலையில்.