பென்ட்லிக்கு மூச்சூட்டிய பிர்கின்

மோட்டார் பந்தய உலகில் ஒரு விசித்திரம் உண்டு. பிரான்ஸ் நாட்டின் லெ மான் நகரில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வென்றது பென்ட்லி கம்பெனியின் 'ஸ்பீடு சிக்ஸ்' கார். அந்தப் பெயர் இன்று பந்தயப் பிரியர்களுக்கு மட்டுமே தெரியும். 1930-ல் அதே பந்தயத்தில் முடிவை எட்டாமல் நின்றுவிட்ட இன்னொரு பென்ட்லியோ உலகப் புகழ் பெற்றுவிட்டது. அதுதான் 'புளோயர் பென்ட்லி'. அதை உருவாக்குவதற்காகத் தமது சொத்தையெல்லாம் கரைத்தவர் சர் ஹென்றி பிர்கின். பந்தய உலகில் அவருக்கு டிம் பிர்கின் என்று பெயர்.

பிர்கின் 1896-ம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் பிறந்தார். லேஸ் துணி உற்பத்தியில் பெரும் செல்வம் சேர்த்த குடும்பம். 'டைகர் டிம்' என்ற சித்திரக்கதைப் பாத்திரத்தின் பெயரே அவருக்குச் செல்லப்பெயராக ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போரில் விமானப் படையில் சேர்ந்து பாலஸ்தீனத்தில் பணியாற்றினார். அங்கே பிடித்த மலேரியா கடைசிவரை அவரை விடவில்லை. உருவத்தில் சிறியவர்; பேச்சில் திக்குவாய். ஆனால் கழுத்தில் புள்ளிபோட்ட பட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் எதிரே யார் இருந்தாலும் பின்வாங்க மாட்டார்.

அவருடைய தம்பி ஆர்ச்சி 1927-ல் மான் தீவில் மோட்டார் சைக்கிள் பந்தயப் பயிற்சியின்போது விபத்தில் இறந்தார். அதே ஆண்டில்தான் பிர்கின் மறுபடியும் பந்தயத்துக்குத் திரும்பினார். 1928 லெ மான் பந்தயத்தில் டயர் வெடித்து நெடுநேரம் வீணான பிறகும் ஐந்தாவது இடத்தைப் பிடித்தார். அப்போது அவர் ஓட்டியது நாலரை லிட்டர் பென்ட்லி. நல்ல கார்தான், ஆனால் இனி வரப்போகும் போட்டிக்கு அதன் வேகம் போதாது என்று அவருக்குப் பட்டது.

இரண்டு வழிகள்

காருக்கு வேகம் கூட்ட அக்காலத்தில் இரண்டு வழிகள் இருந்தன. எஞ்சினைப் பெரிதாக்குவது ஒன்று. இருக்கிற எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிப்பது மற்றொன்று. கம்பெனியை நிறுவிய டபிள்யூ.ஓ. பென்ட்லி முதல் வழியில் மட்டுமே நம்பிக்கை வைத்தவர். மூன்று லிட்டர், நாலரை லிட்டர், ஆறரை லிட்டர் என்று அவருடைய எஞ்சின்கள் வளர்ந்துகொண்டே போயின. தம் எஞ்சினில் சூப்பர்சார்ஜரைப் பூட்டுவது அதன் இயல்பையே கெடுப்பதாகும் என்பது அவருடைய உறுதியான கருத்து. இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. நாள் முழுதும் ஓடியும் நிற்காத எஞ்சின் என்ற நற்பெயர் ஒன்றுதான் அவருடைய கம்பெனியின் முதலாக இருந்தது.

பிர்கின் அவரைத் தாண்டிப் போய், கம்பெனித் தலைவர் உல்ப் பர்னாட்டோவின் சம்மதத்தைப் பெற்றார். பணம் போட்டவர் பர்னாட்டோ. ஆகவே அவர் சொல்தான் எடுபட்டது. லெ மானில் கலந்துகொள்ள வேண்டுமானால் அதே மாதிரியில் 50 கார்களைத் தயாரித்தாக வேண்டும் என்பது விதி. அந்த 50 கார்களையும் கம்பெனியே தயாரிக்க ஒப்புக்கொண்டது. பந்தயக் கார்களை மட்டும் பிர்கின் வெல்வின் கார்டன் சிட்டி என்னும் ஊரில் தாமே ஒரு பட்டறை வைத்துச் செய்தார். அவர் கைப்பணம் தண்ணீராய்ச் செலவழிந்தது. அது வற்றிய நேரத்தில் டோரதி பேஜட் என்ற கோடீஸ்வரி உதவிக்கு வந்தார்.

சூப்பர்சார்ஜரை வடிவமைத்தவர் ஆம்ஹர்ஸ்ட் வில்லியர்ஸ் என்ற பொறியியலாளர். ஒன்றோடொன்று உரசாமல் எதிரெதிராகச் சுழலும் இரண்டு உருளைகள் காற்றை வாங்கி எஞ்சினுக்குள் தள்ளும். அவற்றைச் சுழற்றுவது எஞ்சினின் கிராங்க் ஷாப்ட்தான். காரின் மூக்கில், ரேடியேட்டருக்கும் முன்னால் அது பொருத்தப்பட்டது. 4,398 சி.சி. கொண்ட பந்தய எஞ்சினின் சக்தி சுமார் 130 குதிரை சக்தியிலிருந்து 240 ஆக எகிறியது. அந்தச் சக்தியைத் தாங்கும்படி கிராங்க் ஷாப்டையும் பிஸ்டன்களையும் பலப்படுத்த வேண்டியிருந்தது. காரின் முன்பக்கம் கனத்துப்போய், வளைவுகளில் திரும்ப முரண்டு பிடித்தது. பெட்ரோலை அது குடித்த குடியோ சொல்லி முடியாது!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் அறிவோம். காற்றை அழுத்தினால் சூடேறும். சூடான காற்று விரிந்து, அடர்த்தி குறையும். பெட்ரோல் நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனைப் பதம் பார்க்கும். இன்று ஸ்போர்ட்ஸ் காருக்குச் சூப்பர்சார்ஜர் பூட்டுகிறவர்கள் கூடவே 'இன்டர்கூலர்' என்ற குளிர்விப்பானையும் வைத்து, அழுத்திய காற்றை ஆற்றிய பிறகே எஞ்சினுக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்பயர் விமானத்தின் மெர்லின் 61 எஞ்சினில் அந்த ஏற்பாடு இருந்தது. நம் ரயில்களைப் பல்லாண்டுகள் இழுத்த டபிள்யூ.டி.எம். 2 டீசல் எஞ்சினிலும் புகைப்போக்கில் சுழலும் டர்போவுக்குப் பின்னால் அத்தகைய குளிர்விப்பான் உண்டு. பிர்கினின் காரில் அது இல்லை. கார்பரேட்டர்கள் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருந்ததால், உள்ளே பெட்ரோல் ஆவியாகும்போது கிடைத்த குளிர்ச்சியே கிடைத்த குளிர்ச்சி.

கார் முதன்முதலாக 1929 ஜூன் மாதம் லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் ஓடியது. வெற்றி கிட்டவில்லை. அதே மாதம் லெ மானில் பிர்கின் வெற்றி பெற்றார். ஆனால் அவரும் பர்னாட்டோவும் மாறி மாறி ஓட்டிய அந்தக் கார், டபிள்யூ.ஓ. பென்ட்லியின் சூப்பர்சார்ஜர் இல்லாத ஸ்பீடு சிக்ஸ்!

லெ மானில் துரத்தல்

1930-ம் ஆண்டு லெ மானில் பென்ட்லிகளுக்கு எதிரே நின்றது ஒரே ஒரு மெர்சிடிஸ். ஓட்டியவர் ஜெர்மனியின் புகழ்பெற்ற வீரர் கரச்சியோலா. அந்தக் காரிலும் சூப்பர்சார்ஜர் இருந்தது. ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தால் மட்டுமே அது வேலை செய்யும். பிர்கின் ஆரம்பத்திலேயே அதைத் துரத்தினார். மல்சேன் நேர்ச்சாலையில், பின் டயரின் மேல்தோல் பிய்ந்து பறக்கிற நிலையிலும், ஒருபுறச் சக்கரங்கள் ஓரத்துப் புல்லில் ஏற, மெர்சிடிஸை முந்திக் காட்டினார். பார்த்தவர்கள் மூச்சு விடவில்லை.

அன்றிரவே மின்சாரக் கோளாறால் மெர்சிடிஸ் நின்றது. மறுநாள் புளோயர் பென்ட்லிகள் இரண்டும் எஞ்சின் பழுதாகி நின்றன. முதல் இரண்டு இடங்களையும் ஸ்பீடு சிக்ஸ் கார்களே தட்டிச் சென்றன. எதிரியைக் களைப்படைய வைத்த பெருமை பிர்கினுக்கு உண்டு என்று கூறுவோர் பலர். அதில் உண்மை இருக்கலாம். கோப்பை மட்டும் வேறு கைக்குப் போயிற்று.

அதே செப்டம்பரில் பிரான்சின் பாவ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் விளக்குகளையும் மட்கார்டுகளையும் கழற்றிவிட்டு, சின்னஞ்சிறு புகாட்டி கார்களுக்கு நடுவே அந்தப் பூதத்தை ஓட்டி இரண்டாவதாக வந்தார். முதலில் வந்தவர் புகாட்டி ஓட்டிய எதான்செலன். புளோயர் பென்ட்லி ஒரு பெரிய பந்தயத்தில் எட்டிய உச்சம் அதுதான். மறுமாதமே டோரதி பேஜட் பந்தய அணிக்குப் பணம் தருவதை நிறுத்தினார். 1931-ல் பென்ட்லி கம்பெனி கடனில் மூழ்கி ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போனது. புளோயர் திட்டத்துக்கு ஆன செலவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வது நியாயமாகாது. உலகமே பணமுடையில் தவித்த காலம் அது.

தந்தை இறந்ததும் பிர்கினுக்கு சர் பட்டம் வந்தது. பழைய பணம் திரும்பி வரவில்லை. 1931-ல் எர்ல் ஹோவுடன் சேர்ந்து இத்தாலியின் ஆல்பா ரோமியோ காரில் லெ மானை இரண்டாம் முறை வென்றார். பேஜட் கைவிடாமல் வைத்திருந்த ஒற்றை இருக்கைப் புளோயர் காரில் 1932 மார்ச் 24 அன்று புரூக்லண்ட்ஸ் வெளிவட்டத்தை மணிக்கு 137.96 மைல் வேகத்தில் சுற்றினார். மேடுபள்ளமான கான்கிரீட் தளத்தில் கார் தரையை விட்டு எழும்பி எழும்பி விழுந்தது. அந்தச் சாதனை 1934 வரை நிலைத்தது.

அதை முறியடித்ததைப் பார்க்க அவர் இல்லை. 1933 மே மாதம் டிரிபோலி கிராண்ட் பிரீயில் மசராட்டி ஓட்டி மூன்றாவதாக வந்தார். நடுவில் காரை நிறுத்தியபோது, கொதிக்கும் புகைக்குழாயில் கை பட்டுச் சுட்டுவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. புண்ணில் விஷமேறி ரத்தத்தில் கலந்தது; பழைய மலேரியாவும் சேர்ந்துகொண்டது. பென்சிலின் அப்போது வழக்கத்துக்கு வரவில்லை. ஜூன் 22 அன்று லண்டன் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 36.

அந்த ஒற்றை இருக்கைக் கார் 2012-ல் 50 லட்சம் பவுனுக்கும் மேல் ஏலம் போயிற்று. 2019-ல் பென்ட்லி கம்பெனியே ஒரு புதிய அறிவிப்பை வெளியிட்டது. பிர்கின் அணியின் கார் ஒன்றைப் பாகம் பாகமாகப் பிரித்து அளந்து, அதே அச்சில் 12 புதிய கார்களைச் செய்து விற்கப்போவதாக அது கூறியது. டபிள்யூ.ஓ. பென்ட்லி வேண்டாம் என்று சொன்ன வில்லியர்ஸ் சூப்பர்சார்ஜர் அந்தக் கார்களிலும் அதே இடத்தில், ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.