கிணற்றில் மருந்து ஊற்றியவர்

மண்டகப்பட்டிலிருந்து வந்து, முதல் வருஷமே ரெண்டு அரியர் வைத்த எனக்குத் தெம்பு தந்தது ஃபெலிக்ஸ் தெரெலின் கதைதான். 1873-ல் பிறந்தவர், முறையான விஞ்ஞானப் பட்டம் கிடையாது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸுக்கு 1917-ல் 'பாக்டீரியோஃபேஜ்' என்று பெயர் வைத்தார். அது வெறும் என்சைம்தான் என்று பெரிய விஞ்ஞானிகளே மறுத்தார்கள். மனுஷர் அசரவில்லை. 1927-ல் இந்தியா வந்து, பஞ்சாபில் காலரா கண்ட கிராமங்களின் கிணறுகளில் அதை ஊற்றினார். படித்தபோது எங்க ஊர்க் கிணறுதான் கண்ணில் நின்றது.

நோபல் பரிசு பெறாமலே 1949-ல் மறைந்தார். 1952-ல் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் அதே வகை வைரஸை வைத்துத்தான், புரத உறை வெளியே தங்கிவிட, பாக்டீரியாவுக்குள் நுழைந்து வம்சத்தைப் பெருக்குவது டி.என்.ஏ. என்று காட்டினார்கள்.

தம்பி, தங்கைகளே! மார்க் குறைஞ்சா மனசு விட்டுடாதீங்க.