பகைவனுக்கு நீட்டிய கரம்

அன்பே சமயங்களின் சாரம் என்பர் ஆன்றோர். கிறிஸ்தவ சமயம் அவ்வன்பைப் பகைவரிடத்தும் காட்டுமாறு கட்டளையிடுகின்றது. நம்மை நேசிப்போரை நாம் நேசித்தல் எளிது. நமக்குத் தீங்கிழைத்தோரை நேசித்தல் இயலுமா? இக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவரும், அது எத்துணைக் கடினம் என்பதை ஒளிக்காது உலகறியச் சொன்னவருமான கோரி டென் பூம் அம்மையாரின் வரலாற்றை இங்கு நோக்குவோம்.

கோரி 1892 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் பிறந்தார். ஹார்லெம் நகரில் வளர்ந்தார். அங்கு அவருடைய பாட்டனார் 1837 இல் தொடங்கிய கடிகாரக் கடை இருந்தது. கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கட்டடம் அது. தந்தையார் காஸ்பரிடம் தொழில் பயின்ற கோரி, 1922 இல் அந்நாட்டில் கடிகாரத் தொழிலுக்கு உரிமம் பெற்ற முதற் பெண்மணி ஆனார். மூத்த சகோதரி பெட்சி இல்லத்தைப் பேணினார். சகோதரியர் இருவரும் திருமணம் செய்யவில்லை. நாள்தோறும் வேதாகமம் வாசிப்பதும், நாடி வந்தவர்க்கு உணவளிப்பதும் அக்குடும்பத்தின் வழக்கமாகும்.

1940 மே மாதத்தில் ஹிட்லரின் ஜேர்மன் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. யூதர்கள் என்ற ஒரே காரணத்தால் மக்கள் வேட்டையாடப்பட்டனர். டென் பூம் குடும்பத்தினர் அவர்களுக்குத் தம் கதவைத் திறந்தனர். மேல்மாடியில் கோரியின் படுக்கையறையில் பொய்ச்சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. அதன் பின்னால் சிலர் நெருங்கி நிற்கத்தக்க இடுக்கான மறைவிடம் அமைந்தது. மறைந்து வாழ்வோர்க்கு வேண்டிய உணவுப் பங்கீட்டு அட்டைகளைக் கோரி இரகசியமாகத் திரட்டினார். ஐம்பது வயதைக் கடந்த அக்கடிகாரக்காரப் பெண்மணி ஓர் இரகசிய இயக்கத்தின் நடுநாயகமாக விளங்கினார்.

1944 பெப்ரவரி 28 ஆம் நாள், ஒருவன் காட்டிக்கொடுத்ததால் அவ்வீடு சோதனையிடப்பட்டது. குடும்பத்தினர் கைதாயினர். ஆயினும் பொய்ச்சுவருக்குப் பின்னால் மூச்சை அடக்கி நின்ற அறுவரைக் காவலரால் கண்டுபிடிக்க இயலவில்லை. எண்பத்து நான்கு வயதான காஸ்பர் பத்து நாள்களில் சிறையிலேயே உயிர் துறந்தார்.

கோரியும் பெட்சியும் சிறையிலிருந்து முகாமுக்கும், பின்னர் பெர்லினுக்கு வடக்கே ராவன்ஸ்புருக் என்னும் பெண்கள் வதைமுகாமுக்கும் கொண்டுசெல்லப்பட்டனர். பசியும் பிணியும் அடியும் அங்கு அன்றாட நிகழ்ச்சிகள். அவர்களுடைய கொட்டிலில் தெள்ளுப்பூச்சிகள் மொய்த்தன. பெட்சி அவற்றுக்காகவும் இறைவனுக்கு நன்றி கூறியபோது கோரிக்கு எரிச்சலே உண்டாயிற்று. அப்பூச்சிகளுக்கு அஞ்சியே காவலர் உள்ளே வராதிருந்தனர் என்பதும், அதனாற்றான் மறைத்துவைத்த வேதாகமத்தைத் தடையின்றி வாசிக்க முடிந்தது என்பதும் பின்னரே தெரியவந்தன.

சகோதரியர் இருவரின் இயல்பும் இங்கு நோக்கத்தக்கது. காட்டிக்கொடுத்தவனை எண்ணிக் கோரி வெறுப்பால் வெந்தார். பெட்சியோ அவனுடைய மனம் படும் துன்பத்தை எண்ணி இரங்கினார். பெட்சிக்கு இயல்பாக ஊறிய அன்பைக் கோரி போராடியே பெற வேண்டியிருந்தது. 1944 டிசம்பர் 16 ஆம் நாள் பெட்சி முகாமில் மரணமடைந்தார். சில நாள்களில், அலுவலகத் தவறு ஒன்றினால் கோரி விடுதலை பெற்றார். அதன்பின் ஒரு வாரத்தில் அவருடைய வயதை ஒத்த பெண்கள் கொல்லப்பட்டனர் என்பதை அவர் பின்னர் அறிந்தார்.

போர் முடிந்ததும், முகாம்களில் நொந்தவர்களுக்காகக் கோரி ஓர் இல்லத்தை அமைத்தார். பகைவருக்குத் துணைபோனமையால் ஊரால் வெறுக்கப்பட்டவர்களுக்கும் பின்னர் ஆங்கே இடமளிக்கப்பட்டது. தம் குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஜேர்மனிக்கே சென்று மன்னிப்பைப் பற்றிப் பேசலானார்.

1947 இல் மியூனிக் நகரத் தேவாலயம் ஒன்றில் அவர் பேசி முடித்தபோது, ஒரு மனிதன் முன்வந்து கை நீட்டினான். ராவன்ஸ்புருக் முகாமின் காவலருள் ஒருவன் அவன்! கோரி அவனை உடனே அடையாளம் கண்டார். தான் கிறிஸ்தவனாகி விட்டதாகவும், தன்னை அவர் மன்னிக்க வேண்டும் என்றும் அவன் வேண்டினான். சற்று முன்னர்தான் மன்னிப்பைப் போதித்த அம்மையாரின் கை எழவில்லை. மெலிந்து நலிந்த பெட்சியின் உருவமே கண்முன் நின்றது. நெஞ்சில் அன்பு இல்லை. குளிர்ந்த வெறுமையே இருந்தது. ஆயினும் மன்னித்தல் உணர்ச்சியன்று, மனத்தின் தீர்மானமே என்பதை அவர் அறிந்திருந்தார். கையை மட்டும் தம்மால் உயர்த்த முடியும், அன்பை இறைவனே தரவேண்டும் என்று உள்ளத்துள் வேண்டியவராய், மரக்கை போன்ற தம் கையை நீட்டினார். கைகள் கூடியபின்னரே நெஞ்சில் அன்பு சுரந்தது என்று அவர் எழுதியுள்ளார்.

மாணவச் செல்வங்களே, அத்துடன் அவருடைய போராட்டம் முடிந்துவிடவில்லை. பின்னாளில் நெருங்கிய நண்பர் சிலர் தமக்கு இழைத்த தீங்கை மன்னித்த பின்னரும், அந்நினைவு அவரை உறங்கவிடாது வருத்தியது. அப்போது ஒரு போதகர் கோயில் மணியை அவருக்கு உவமை காட்டினார். மணியடிப்பவன் கயிற்றை விட்டபின்பும் மணி சிறிது நேரம் ஒலித்துப் பின்னரே ஓய்கின்றது. மன்னித்தவர் நெஞ்சில் எழும் பழைய கோபமும் அத்தகையதே. கயிற்றை மீண்டும் பற்றாதிருந்தாற் போதும்.

கோரி அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று பேசினார். யூதரைக் காத்தமைக்காக 1967 இல் இஸ்ரேல் நாடு அவரைச் சிறப்பித்தது. 1971 இல் வெளிவந்த அவருடைய வரலாற்று நூல் உலகப் புகழ் பெற்றது. 1983 ஏப்ரல் 15 ஆம் நாள், தம் தொண்ணூற்றோராவது பிறந்தநாளிலேயே, அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அவர் மறைந்தார். ஹார்லெம் கடிகாரக் கடை 1988 முதல் நினைவகமாக விளங்குகின்றது.

நடந்த கொடுமையைக் கோரி ஒருபோதும் மறைத்ததில்லை. கொடுமையை நன்மை என்று சொன்னதுமில்லை. அதைச் செய்தவனையும் மனிதனாகக் கண்டார், அவ்வளவே. பெட்சியைப் போன்றவர்களை நாம் வணங்கலாம். கோரியைப் போன்றவர்களைப் பின்பற்றலாம். வீட்டிலும் பள்ளியிலும் நம்முடன் பிணங்கியவர் ஒருவரேனும் இருப்பர். அவர்பால் அன்பு ஊறும்வரை காத்திராமல், முதலில் கரத்தை நீட்டுவோம். அன்பு பின்னால் வரும்.