கல்விக்கு உரைகல் வைத்த கிறீன்

கற்பித்தல் ஒன்று, கற்றுக்கொள்ளப்படுதல் மற்றொன்று. ஆசிரியர் எடுத்துரைத்தன யாவும் மாணாக்கர் உள்ளத்திற் பதிந்தன என்று கொள்வதற்கில்லை. வகுப்பறையில் இவ்வேறுபாட்டை மறப்பின் ஒரு மாணாக்கன் பரீட்சையில் தவறுவான். நோயாளியின் கட்டிலருகே மறப்பின் ஓர் உயிரே தவறவுங்கூடும். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இதனை உணர்ந்து, தம் கற்பித்தலின் பயனைத் தாமே நிறுத்துப் பார்த்தவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் ஆவர்.

அமெரிக்க நாட்டு மசாச்சுசெட்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822ஆம் ஆண்டு பிறந்த கிறீன், நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். அமெரிக்க மிஷன் தொண்டராக 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டே மானிப்பாயில் நிலைகொண்டு, நோயாளரைப் பார்த்ததோடு இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

தொடக்கத்தில் வகுப்பு ஆங்கிலத்திலேயே நடந்தது. மாணாக்கர் நன்றாகவே தேறினர். ஆயின், தேறியவர் எங்கே சென்றனர் என்பதையும் கிறீன் நோக்கினார். ஆங்கிலங் கற்றவருட் பலர் அரசாங்க உத்தியோகத்தை நாடிப் போயினர். கிராமத்து ஏழை முன்போலவே வைத்தியமின்றிக் கிடந்தான். பரீட்சைப் புள்ளிகள் நிறைவாயிருந்தும் கல்வியின் பயன் குறைவாயிருந்ததை அவர் கண்டார். குறையை மாணாக்கர்மேல் ஏற்றி அமைந்துவிடாது, கற்பிக்கும் முறையையே மாற்றத் துணிந்தார். 1864 முதல் வகுப்பு தமிழில் நடைபெறலாயிற்று. அவரிடம் பயின்ற அறுபதுக்கு மேற்பட்டோருள் 33 பேர் தமிழிலேயே மருத்துவங் கற்றனர்.

தமிழிற் கற்பிக்க நூல் வேண்டுமன்றோ? மாணாக்கரின் துணையோடு அப்பணியையும் மேற்கொண்டார். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும் வெளிவந்தன. கலைச்சொற்களைத் தமிழிலும் வடமொழியிலும் தேடினார். பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசையத் திரித்துக்கொண்டார். 1875இல் வந்த கெமிஸ்தம் என்ற நூற்பெயரே இதற்குச் சான்று. வாந்திபேதி, தாய்சேய் நலம் முதலியன பற்றிப் பொதுமக்களுக்கெனச் சிறு பிரசுரங்களும் எழுதினார். நோயாளியும் ஒரு மாணாக்கனே என்பது அவர் கொள்கை போலும்.

உடல் நலங் குன்றி 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் தமிழ்ப்பணி நிற்கவில்லை. மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் மறைந்தார். தமிழருக்கு ஆற்றிய தொண்டே, அவர் விரும்பியவாறு, அவர் கல்லறையிற் பொறிக்கப்பட்டுள்ளது.

கிறீன் வடக்கே வகுப்பு நடத்திய காலத்திலேயே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஊவா மலைகளிற் கோப்பித் தோட்டங்களை உருவாக்கினர். மனுஷ அங்காதிபாதம் அச்சேறிய அதே 1872இல், கோப்பித் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கான கட்டளைச் சட்டமும் பிறந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. மருந்துச்சாலைகளும் வைத்தியசாலைகளும் தோன்றின. ஆயினும் கிறீன் எழுப்பிய வினா இன்றும் நம் முன் நிற்கிறது.

பசறையிலோ மடுல்சீமையிலோ உள்ள தோட்டமொன்றிலிருந்து, வயிற்றோட்டங் கண்ட குழந்தையோடு ஒரு தாய் பதுளை வைத்தியசாலைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வீடு திரும்புகையில் ஜீவனிப் பொதியைக் கொடுத்து, கரைக்கும் விதத்தைத் தாதி சொல்கிறார். தாதியின் மொழி சிங்களம். தாயின் மொழி தமிழ். விளங்கிற்றா என்று கேட்டால், மரியாதை கருதித் தலையை அசைப்பாள். லயத்துக்குச் சென்றதும் ஒரு லீற்றர் நீருக்குரிய பொடி ஒரு குவளை நீரிற் கரைந்துவிடக்கூடும். மருந்தே குழந்தைக்குத் தீங்காகும்.

தலையசைப்பு விளக்கத்திற்குச் சான்றாகாது. எவ்வளவு நீர், எத்தனை முறை என்று அத்தாயே தன் மொழியிற் சொல்லட்டும்; இயலுமாயின் கரைத்தும் காட்டட்டும். அவள் தடுமாறினால், தவறு அவளுடையதன்று; தாதி வேறு சொல்லால், வேறு முறையால் மீண்டும் கற்பிக்க வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி. தாதியரைப் பயிற்றும் ஆசிரியரும், பாடத்தை ஒப்புவித்த மாணவிக்குப் புள்ளியிடுவதோடு நில்லாது, அவள் கற்பித்த தாய் என்ன கற்றாள் என்பதையும் சோதித்தல் வேண்டும்.

தமிழ் தாய்மொழியல்லாத ஒருவர், நோயாளிக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தமிழைக் கற்று நூல்களும் ஆக்கினார். நம் மலையகத்துத் தாய் தன் குழந்தையின் மருந்தைத் தன் மொழியில் விளக்கமாய்க் கேட்டறியும் நாளே, அவர் தொடங்கிய பாடம் நிறைவுறும் நாளாகும்.