ஏ3 தாளைவிடக் கொஞ்சம் பெரிசு, விலை 200 கோடி! யார் இந்த ஜுவான் மிரோ?

2017 ஜூன். லண்டனில் சோத்பிஸ் நிறுவனத்தின் ஏலம். 38 செ.மீ. உயரம், 46 செ.மீ. அகலத்தில் ஒரு தாள் ஓவியம். நம்ம ஆபீஸ் பிரின்ட்டரில் வரும் ஏ3 தாளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. விலைபோனதோ சுமார் 2.46 கோடி பவுண்டுக்கு! அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 200 கோடி ரூபாய்.

‘பெண்ணும் பறவைகளும்’ என்ற அந்த ஓவியத்தை வரைந்தவர் ஜுவான் மிரோ. கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிச இயக்கத்தின் முக்கிய முகம். ஒரு தாளுக்கு ஏன் இவ்வளவு விலை? அவர் கதை தெரிந்தால் புரியும்.

பிடிக்காத வேலை

1893-ல் ஸ்பெயினின் பார்சிலோனாவில் பிறந்தார் மிரோ. அப்பா நகை, கடிகாரத் தொழில் செய்தவர். மகன் ஓவியர் ஆவதில் அவருக்கு இஷ்டமில்லை. 17 வயதில் கணக்கு எழுதும் வேலைக்குப் போனார் மிரோ. ஒரே வருடத்தில் மனம் உடைந்துபோனது, கூடவே டைபாய்டு. உடம்பு தேற மோன்ட்ரோச் கிராமத்தில் இருந்த குடும்பப் பண்ணைவீட்டுக்குப் போனார். அதன் பிறகு வேலைக்குத் திரும்பவில்லை. இனி ஓவியம்தான் என்று முடிவெடுத்துவிட்டார்.

1920-ல் பாரிஸ் போனார். அங்கே வறுமை, பட்டினி எல்லாம் இருந்தது. சர்ரியலிஸ்ட் கவிஞர்களின் நட்பும் அங்கேதான் கிடைத்தது.

இருட்டில் பிறந்த நட்சத்திரங்கள்

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். மிரோ குடியரசுத் தரப்பை ஆதரித்தவர். 1939-ல் ஜெயித்ததோ எதிர்த்தரப்பின் பிராங்கோ. ஊருக்குப் போனால் ஆபத்து. பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில், வாரஞ்ச்வில் என்ற சிற்றூரில் குடும்பத்தோடு தங்கினார்.

சீக்கிரமே உலகப் போரும் வந்தது. குண்டுவீச்சு பயத்தால் இரவில் வீட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. அந்தச் சூழலில்தான், 1940 ஜனவரியில், ‘விண்மீன் கூட்டங்கள்’ வரிசையைத் தொடங்கினார். தாளை ஈரமாக்கி, தேய்த்து, மங்கலான வண்ணம் பூசுவார். அதன்மேல் நட்சத்திரம், கண், பறவை, பெண் எல்லாம் மெல்லிய கோடுகளால் பின்னிக்கொள்ளும். 200 கோடி ஓவியம் அந்த ஏப்ரலில் வரைந்தது.

அடுத்த மாதமே ஜெர்மன் படை பிரான்ஸுக்குள் நுழைந்தது. மனைவி பிலார், 9 வயது மகள், முடித்திருந்த தாள்கள். இவர்களோடு ரயிலேறினார் மிரோ. பெரிய கேன்வாஸாக இருந்திருந்தால் தூக்கிக்கொண்டு ஓடியிருக்க முடியுமா?

வேறு வழியில்லாமல் பிராங்கோவின் ஸ்பெயினுக்கே திரும்பினார். மனைவியின் சொந்தங்கள் இருந்த மயோர்க்கா தீவின் பால்மா நகரில், யார் கண்ணிலும் படாமல் வரைந்தார். 1941 செப்டம்பரில் 23-வது தாளோடு வரிசை முடிந்தது. போர் ஓயும் முன்பே, 1945 ஜனவரியில், நியூயார்க்கில் பியர் மத்தீஸின் கேலரியில் அவை காட்சிக்கு வந்தன.

ஆக மொத்தம் 23 தாள்கள்தான். அவற்றில் பல இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஏலத்துக்கு வருவது அபூர்வம். விலை எகிறக் காரணம் இதுதான்.

மனைவி செய்த ஏலம்

1983 டிசம்பர் 25-ல், 90 வயதில், பால்மாவில் மிரோ இறந்தார். தன் ஸ்டுடியோக்களை அந்த நகரத்துக்கே கொடுத்திருந்தார். அங்கே கலை மையம் கட்டப் பணம் வேண்டுமே? கணவரின் ஓவியங்களில் சிலவற்றை ஏலத்துக்குக் கொடுத்தார் பிலார். அவற்றில் பெரும்பாலானவை தாளில் வரைந்தவைதான். அந்தப் பணத்தின் உதவியால் எழுந்த கட்டடம் 1992-ல் திறக்கப்பட்டது. பால்மா போனால் இன்றும் அதைப் பார்க்கலாம்.